கந்தசட்டிக் காலத்து நீச்சல்

ஒக். 24, சனி

இரவு மழை. காலையில் காற்று மட்டும். சிட்னி எம்7 சைக்கிள் பாதை, நித்யாவுடன். அறுபது கி.மீ. என்று திட்டம். நாற்பதில் திரும்பியாயிற்று.

காரணம் மக்பை, கறுப்பு வெள்ளைப் பறவை. கூடு கட்டும் காலம். தன் மரத்தைக் கடக்கிறவர் எவரானாலும் பின்னால் பறந்து வந்து மண்டையில் கொத்தும். எனக்கு இரண்டு கொத்து. ஹெல்மெட்டில் பட்ட சத்தம் இன்னும் காதில். நித்யாவுக்கு ஒன்றும் இல்லை.

"உங்க பயத்தை மோந்து பாத்துருச்சு," என்றாள். கோயம்புத்தூர்க்காரி. ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து நேரே சைக்கிளுக்கு வருகிறவள். இந்த ட்ரையத்லனை இரண்டு தடவை முடித்திருக்கிறாள். என்னை இதற்குள் இழுத்தவளும் அவள்தான்.

போட்டிக்கு இன்னும் மூன்று கிழமை. நீச்சல் இரண்டு கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. பிறகு சைக்கிள் தொண்ணூறு. பிறகு ஓட்டம் இருபத்தொன்று. ஒரே நாளில், இடையில் நிற்காமல். எழுதிப் பார்க்கும்போதுதான் விசர்த்தனம் தெரிகிறது.

நார்த்மீட் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மாமி குசினியில். என் கணவர் சேந்தனின் அம்மா, எங்களோடுதான் இருக்கிறார், அல்லது நாங்கள் அவரோடு. ஹெல்மெட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். குளித்துவிட்டு வந்தால் அதன் பின்பக்கம் இரண்டு பெரிய கண்கள். கறுப்பு மார்க்கர். நடுவில் ஒரு பொட்டு.

"பொட்டு எதுக்கு மாமி?"

"கண் குருவிக்கு. பொட்டு சனத்துக்கு."

வாங்க வேண்டியவை: டியூப், குதிக்காலுக்குப் பிளாஸ்ரர், மாமிக்குச் சாம்பிராணி.


ஒக். 25, ஞாயிறு

பல்மோரல். கடலில் முதல் தடவை. வெயில் நல்லது, தண்ணீர் குளிர்.

நீச்சல் உடுப்பு ரப்பர். கால் நுழையாது. மாமி கோல்ஸ் கடைப் பையைப் பாதத்தில் மாட்டிவிட்டு இழுத்தார், வழுக்கிக்கொண்டு ஏறிற்று. வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் இறுக்கக் காலுறை போட்டுவிடுவது இப்படித்தானாம். "அவை கத்துவினம். நீ கத்தேல்லை. நல்ல பிள்ளை."

பிறகு தண்ணீர். முதலில் மணல் தெரிந்தது. பிறகு பச்சை. பிறகு ஒன்றும் இல்லை. கீழே ஒன்றும் இல்லை என்பதை உடம்பு எனக்கு முன்னால் அறிந்துகொண்டது. மூச்சுத் திணறிக் கையால் தண்ணீரை அடித்தேன். சேந்தன் பக்கத்தில் நீந்திக்கொண்டே, "மல்லாந்து மிதவும், மிதவும்," என்றார். சிட்னியில் வளர்ந்தவர், பள்ளிக்கூடத்தில் கூட்டல் கழித்தலோடு நீச்சலும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எங்கே மூச்சு போகிறது என்று அவர் யோசித்ததே இல்லை.

கரைக்கு வந்தேன். மாமி குடைக்குக் கீழே மடக்குக் கதிரையில், மடியில் துவாய். துடைத்துவிட்டார். "இண்டைக்கு இவ்வளவு காணும்."

காரில் சேந்தன், மிக மெதுவாக: "நீச்சலுக்கு ஒரு நேர எல்லை இருக்கு. தெரியும்தானே?"

"தெரியும்."

"அதுக்குள்ள வராட்டி சைக்கிளைத் தரமாட்டினம்."

பின் சீற்றிலிருந்து மாமி: "ஏன் தரமாட்டினம்? அது எங்கட சைக்கிள்."


ஒக். 27, செவ்வாய்

வேலைக்கு முன் நீச்சல் தடாகம். இங்கே பயமில்லை. அடியில் கறுப்புக் கோடு. அதைப் பார்த்துக்கொண்டு போனால் சுவர் வந்துவிடும். கடலில் கோடு போட ஆள் இல்லை.

நூலகத்தில் கூட வேலை செய்கிறவள் கேட்டாள், ஏன் இதைத் தொடங்கினாய் என்று. உடம்புக்கு நல்லது என்றேன். பொய்யில்லை.

போன வருடம் ஏப்ரல். பதினோராம் கிழமையில் கரு நின்றுபோயிற்று. ஆஸ்பத்திரியில் எல்லாரும் அன்பானவர்கள். வீட்டுக்கு வந்து குளியலறைக்குள் போனேன். தண்ணீரைத் திறந்துவிட்டு நிலத்தில் இருந்தேன். வெளியே வர ஒரு காரணமும் பிடிபடவில்லை. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும்.

சேந்தன் கதவைத் தட்டித் தட்டிப் பேசினார். மாமி தட்டவில்லை. கதவுக்கு வெளியே நின்று, "பிள்ளை, தேத்தண்ணி ஆறுது," என்றார். கொஞ்சம் கழித்துத் திரும்பவும் அதையே. வேறொரு சொல்லும் இல்லை. கடைசியில் எழுந்து வந்தது அந்தத் தேத்தண்ணிக்காகத்தான். ஆறித்தான் போயிருந்தது.

அடுத்த மாதம் நீச்சல் வகுப்பு. தண்ணீருக்குள் முகத்தை வைத்துக்கொண்டால் ஒருவரும் ஒன்றும் கேட்க முடியாது. தொடக்கம் அவ்வளவுதான்.

மறுபடி முயல்வதா என்பதைப் போட்டிக்குப் பிறகு பேசுவோம் என்று சேந்தனும் நானும் வைத்திருக்கிறோம். மாமிக்குச் சொல்லவில்லை. மாமி கேட்டதும் இல்லை. கேட்காமல் இருப்பது பொறுமையா, காத்திருப்பா. இரண்டும் வெளியிலிருந்து ஒரே மாதிரி.


ஒக். 31, சனி

வெக்கை. ஓட்டம் 16 கி.மீ., பரமட்டா ஆற்றோரம். முழங்கால் முணுமுணுக்கிறது. பெலிக்கன் ஒன்று என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது.

பின்னேரம், மாமி பயறு அரித்துக்கொண்டே:

"இந்தமுறை நான் கந்தசட்டி விரதம் பிடிக்கப்போறன். ஆறு நாளும்."

சேந்தன் ரெலிபோனிலிருந்து தலையை நிமிர்த்தினார். இந்த நாட்டுக்கு வந்தபின் மாமி ஒருமுறையும் முழுசாகப் பிடித்ததில்லை. முதியோர் இல்லத்தில் நாள் முழுக்க ஆட்களைத் தூக்கி இறக்குகிற வேலை. பாலும் பழமுமாக ஆறு நாள் தாங்காது.

"ஏன் அம்மா திடீரெண்டு?"

"கேட்டதை வெளியிலை சொன்னால் பலிக்காது."

எங்கள் சனத்தில் ஒருவருக்கும் இதற்குமேல் விளக்கம் வேண்டாம். கந்தசட்டியை எத்தனையோ காரணத்துக்குப் பிடிக்கலாம். கலியாணம் முடிந்து நாலாம் வருடம், வீட்டில் மருமகள், மடி காலி. அந்த வீட்டில் மாமியார் பிடித்தால் காரணம் ஒன்றுதான்.

குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிய கோயில் கலண்டர். ஆறாம் நாள், சூரன்போர்: பதினைந்தாம் திகதி, ஞாயிறு. மாமியின் சிவப்புப் பேனை. அதே சதுரத்தில் என் நீலப் பேனை: போட்டி.

என் உடம்பைப் பற்றி முருகனோடு ஒரு பேச்சுவார்த்தை நடக்கப்போகிறது. என்னைக் கூப்பிடவில்லை. கோபித்துக்கொள்ளவும் முடியாது. நான்கு வருடத்தில் இந்த மனுசி என்னிடம் ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை. அப்படிப்பட்டவரின் அன்பை எங்கே இறக்கி வைப்பது.


நவ. 7, சனி

மறுபடி கடல். நித்யா கூட வந்தாள். இரண்டாவது மிதவை வரை போய்வந்தேன். இடையில் ஒரு தடவை அதே திணறல், மல்லாந்து படுக்கை, வானம்.

"திணறினா பக்கத்துல வர்ற கயாக் படகைப் புடிச்சுக்கங்க," என்றாள் நித்யா. "ரூல்ஸ்லயே இருக்கு. புடிச்சுக்கிட்டு முன்னாடி போகக்கூடாது, அவ்வளவுதான். அவமானமெல்லாம் கெடையாது. நான் ரெண்டு வருசமும் புடிச்சேன்."

"நீங்களா?"

"பின்ன? அப்புறம், எதையாச்சும் சொல்லிக்கிட்டே நீந்துங்க. மூச்சு ஒழுங்காகும். நான் இட்லி வடை பொங்கல்னு சொல்லுவேன். வடைக்கு வரும்போது மூச்சு எடுப்பேன்."

கரைக்கு நீந்தி வரும் வழியில் முயன்று பார்த்தேன். எனக்குப் பசிதான் எடுத்தது.


நவ. 8, ஞாயிறு. தீபாவளி

தூறல். பயிற்சி இல்லை. முறுக்கு, எண்ணிக்கை எழுதப்படாது.

சரோ அன்ரி வந்தார், மாமியின் பழைய சிநேகிதி, கோயிலில் பூக்கட்டுகிறவர். மாமி விரதம் பிடிக்கும் செய்தி ஏற்கெனவே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது.

"நல்லது, நல்லது. முருகன் கண் திறப்பான்." சொல்லும்போது அன்ரியின் கண் என் வயிற்றில். "ஆனால் பிள்ளை, உந்தச் சைக்கிள் சீற்று உதுகளுக்குக் கூடாதாம். சூடாம்."

"சரோ, முறுக்கு எடு," என்றார் மாமி.

"எடுத்தனான். நான் என்ன சொல்லுறன் எண்டால்..."

"இன்னும் ஒண்டு எடு."

அன்ரி எடுத்தார். கடிக்கும் சத்தம். மாமி மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை. தட்டை நகர்த்தினார், அவ்வளவுதான். மறுக்க என்ன இருக்கிறது.

பிறகு கராஜில் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். தேவைக்கு மேல்.


நவ. 10, செவ்வாய்

விரதம் முதல் நாள். குசினி மேலிருந்து கீழ்வரை கழுவப்பட்டது. மச்ச மாமிசம் ஆறு நாளைக்கு வீட்டு வாசலுக்கு வெளியே. சேந்தன் கோழி ரோல்ஸைக் கராஜில் நின்றபடி தின்றார், திருடனைப்போல். என் அவித்த முட்டை இரண்டும் காரில். காருக்குள் இப்போது ஒரு மணம் உண்டு.

மாமி விடியற்காலை முழுக்கு, பிறகு வேலை, பிறகு மேய்ஸ் ஹில் முருகன் கோயில், பிறகு ஒரு குவளை பால், இரண்டு வாழைப்பழம். முகம் வாடியிருந்தது. சேந்தன் குளுக்கோஸ் மா வாங்கி வந்து அலுமாரியில் வைத்தார். "பாலுக்குள்ள போடுங்கோ அம்மா. அது சாப்பாடில்லை."

எனக்கு இந்தக் கிழமை பயிற்சி குறைவு. உடம்பை ஆறவிட வேண்டுமாம். ஆறவிடப்பட்ட உடம்பு வேலையில்லாமல் யோசிக்கிறது.


நவ. 12, வியாழன்

மூன்றாம் நாள். மாமி மாடிப்படியில் ஓடி ஏறினார். ஓடி.

"களைப்பே இல்லை, பிள்ளை. இண்டைக்கு ஒரு கிழவரைத் தனியத் தூக்கி இருத்தினனான். முருகன் பக்கத்திலை நிக்கிறான்."

சந்தோசமாக இருந்தது. போட்டிப் போத்தல்களுக்கு மா அளக்கப் போகும்வரை.

எங்கள் வீட்டில் எந்தப் பாத்திரத்திலும் அதன்மேல் எழுதியிருக்கும் சாமான் இருப்பதில்லை. யோகட் வாளியில் மிளகாய்த்தூள். ஐஸ்கிறீம் பெட்டியில் கறிவேப்பிலை. பிஸ்கற் ரின்னில் நூலும் ஊசியும். நானும் பழகிவிட்டேன்: சைக்கிளில் குடிக்கிற சக்தி மா, பை கிழிந்ததால், ஒரு யோகட் வாளிக்குள். அது பாதிக்குக் கீழே இறங்கியிருக்கிறது. சேந்தனின் குளுக்கோஸ் பெட்டி பக்கத்தில், ஒட்டுக்கூட உடையாமல்.

பின்னேரம் ஒளிந்து நின்று பார்த்தேன். ஓம். யோகட் வாளியிலிருந்து இரண்டு கரண்டி, பாலுக்குள், கலக்கிக் கும்பிட்டுக் குடிக்கிறார்.

சேந்தனைக் கராஜுக்குக் கூட்டிப்போனேன்.

"வெறும் சீனி மாதிரித்தான் அது," என்றார். "விடும்."

"விரதம் முறிஞ்சதெண்டு நினைப்பா."

"அப்ப சொல்லாதையும்."

"சொல்லாமல் விட்டால்?"

"அப்பவும் சீனிதான்."

இதையும் எழுத வேண்டும். அந்த வாளியைக் கையில் பிடித்தபோது சின்னதாக, கேவலமாக ஒரு நிம்மதி. விரதம் முறிந்தால் வேண்டுதலும் முறியும். பிறகு எவருக்கும் நான் விடை சொல்லத் தேவையில்லை. ஒரு நிமிடம்தான். அந்த ஒரு நிமிடமும் நான்தான்.


நவ. 13, வெள்ளி

வேலையில் புத்தகங்களைத் தப்பான தட்டில் அடுக்கினேன். வீட்டுக்கு வந்ததும் சொன்னேன்.

"மாமி, நீங்கள் பாலுக்குள்ளை போடுறது குளுக்கோஸ் இல்லை. என்ர சைக்கிள் மா."

"ஓம், தெரியும்."

"தெரியுமோ?"

"எலுமிச்சங்காய் மணக்குது. குளுக்கோஸ் மணக்குமோ? கிழிஞ்ச பையையும் எடுத்துப் பாத்தனான், மச்சம் ஒண்டும் இல்லை. நீ ஒருநாள் முழுக்க ஓட உது காணுமெண்டால் எனக்கு ஆறு நாளுக்குக் காணாதோ?"

"விரதத்துக்கு..."

"பட்டினி கிட எண்டு முருகன் எனக்குச் சொல்லேல்லை. நினைச்சுக்கொண்டு இரு எண்டவன். நினைக்கவும் பெலன் வேணும்."

"அப்ப முருகன் பக்கத்திலை நிக்கிறான் எண்டு சொன்னது?"

"நிக்கிறான். வாளிக்குள்ளை."

சிரித்துவிட்டேன். அவரும். சிரிப்பு இருந்த அதே மூச்சில் கேட்டேன்: "என்னத்துக்குப் பிடிக்கிறீங்கள் மாமி?"

வாளியை மூடினார். மூடி சரியாக விழுந்ததா என்று நான்கு பக்கமும் அழுத்திப் பார்த்தார். "நேரத்தோடை படு," என்றார்.

பிறகு சாப்பாட்டு மேசையில், சேந்தனிடம்: "நாளைக்கு நானும் வாறன்."

"அம்மா, ஞாயிறு சூரன்போர். நாங்கள் திரும்பிவர நேரம் போயிடும்."

"சூரன் எங்கை ஓடப்போறான்? வருசா வருசம் மாமரமா நிக்கிறவன்தானே."

"இவ்வளவு நாள் பிடிச்சுப்போட்டு..."

"முருகனுக்குச் சொல்லிப்போட்டன். உனக்கென்ன?"


நவ. 14, சனி

வடக்கே மூன்று மணித்தியாலக் கார் ஓட்டம். யூக்கலிப்ரஸ், பிறகு யூக்கலிப்ரஸ். மாமி பின் சீற்றில் சைக்கிள் சக்கரத்தை அணைத்துக்கொண்டு நித்திரை.

கடல் உள்ளே வந்து ஏரியாகக் கிடக்கிற சின்ன ஊர். வீதியெல்லாம் ஒட்டி உலர்ந்த கன்னங்களோடு விலையுயர்ந்த சைக்கிள்கள் தள்ளும் மனிதர்கள். பதிவு. இலக்க ஒட்டிகள். கணுக்காலுக்குக் கட்டும் நேரப் பட்டி. எல்லாவற்றுக்கும் ஒரு பை, பைக்கு ஒரு கொளுக்கி.

டிக்கியைத் திறந்தால் பம்புக்கும் சப்பாத்துக்கும் நடுவில் ஒரு தேங்காய், மஞ்சள் பூசியது. வழியில் ஏதாவது கோயிலுக்காக இருக்கும்.

மாலை ஏரிக்கரை. மஞ்சள் மிதவைகள் ஒரு பெரிய முக்கோணமாக, கண்ணுக்கு எட்டாத தூரம்வரை. மாமி நெற்றியில் கை வைத்து நிழல் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பிறகு அங்கே கயாக்குகளை இறக்கிக்கொண்டிருந்த பையன்களிடம் போய்த் தன் ஆங்கிலத்தில் ஏதோ விசாரித்து வந்தார்.

"வள்ளத்தோடை எட்டுப் பேர் நிப்பினமாம். எல்லாருக்கும் நீந்தத் தெரியுமாம்."

"தெரியாமல் விடுவினமோ மாமி?"

"கேட்கிறதிலை என்ன பிழை?"


நவ. 15, ஞாயிறு

காரில் எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது. பாதி ரோடு, பாதி கை.

ஒழுங்காக:

காலை. ஏரி கண்ணாடிபோல். மாமி பையை மாட்டிக் காலை நுழைத்தார். நெற்றியில் திருநீறு, தண்ணீரில் போய்விடும் என்றேன், போகட்டும் என்றார்.

நீச்சல். முதல் மிதவை வரை ஆட்களின் முழங்கை, குதிக்கால், நுரை. பிறகு எல்லாரும் போய்விட்டார்கள். பச்சை. பிறகு ஒன்றும் இல்லை. அது வந்தது. கயாக்கின் மூக்கைப் பிடித்தேன். பொன்னிறத் தலைமுடிப் பையன், கன்னத்தில் வெயிலுக்குத் துத்தநாகப் பூச்சு. அவசரமில்லை என்றான். அவசரம் இருந்தது.

இட்லி வடை பொங்கல் என்று சொல்லிப் பார்த்தேன். வரவில்லை. அது நித்யாவுடையது. எனக்கென்று எதுவும் இல்லை என்று தோன்றிற்று. அப்போது ஒரு குரல் கேட்டது, அல்லது கேட்டதாக உடம்பு நினைத்தது. பிள்ளை. தேத்தண்ணி. ஆறுது. மூன்று கைவீச்சு. பிள்ளை, வலது கை. தேத்தண்ணி, இடது கை. ஆறுது, மூச்சு. கயாக்கை விட்டேன். மற்ற மிதவைகள் எத்தனை என்று தெரியாது. தேத்தண்ணி ஆறிக்கொண்டே இருந்தது.

காலில் மணல். எழுந்தேன். கரையில் சேந்தன் கத்திக்கொண்டு. நேர எல்லைக்குக் கொஞ்சம் முன்னால், கொஞ்சம்தான். வேலிக்கு அந்தப் பக்கம் மாமி. கத்தவில்லை. இரண்டு கையாலும் வேலியைப் பிடித்துக்கொண்டு, "வந்திட்டாள்," என்றார். என்னைப் பார்த்து இல்லை. வேறு யாரிடமோ.

சைக்கிள்: எதிர்க்காற்று. மாடுகள். ஒரு மேட்டில் நடந்தேன். ஹெல்மெட்டின் பின்கண்களைப் பார்த்துச் சிலர் சிரித்துக்கொண்டே முந்தினார்கள். எல்லாரும் முந்தினார்கள்.

ஓட்டம்: ஓட்டம் என்று சொல்வது மரியாதைக்கு. வழிநெடுகக் கொடுத்த தோடம்பழத் துண்டுகள். நித்யா தன்னுடையதை முடித்துவிட்டு வெறுங்காலுடன் திரும்பி வந்து கடைசித் தூரம் முழுக்க என் பக்கத்தில் நடந்தாள். "மூஞ்சியக் கொஞ்சம் சிரிச்ச மாதிரி வைங்க, போட்டோ எடுப்பாங்க."

முடித்தேன். பட்டியலைக் கீழிருந்து பார்த்தால் சீக்கிரம் வருவேன். பதக்கத்தை மாமியின் கழுத்தில் போட்டேன். கனத்தைப் பார்த்தார், கடித்துப் பார்க்கவில்லை, அவ்வளவுதான் குறை.

இனி சேந்தன் சொன்னது, இப்போது, காரில். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன உடனே நடந்ததாம்.

மாமி டிக்கியைத் திறந்து தேங்காயை எடுத்தார். கார் பார்க் ஓரக் கல்லடிக்குப் போனார். ஏரியைப் பார்த்துக் கும்பிட்டு, ஓங்கி ஒரு போடு. சிதறு தேங்காய். செம்மஞ்சள் மேலங்கி போட்ட ஒரு பெண் ஓடிவந்தாள்: ஓடு சைக்கிள் டயரில் குத்தும், என்ன இது, ஏன் இது. சேந்தன், "குட் லக் திங்," என்றாராம். மாமி திருத்தினார்: "நோ, நோ. தாங்க் யூ திங்." பிறகு இருவரும், மாமியும் அந்தப் பெண்ணும், குனிந்து குனிந்து ஒரு துண்டு விடாமல் பொறுக்கி யோகட் வாளிக்குள் போட்டார்களாம்.

நேர்த்திக்கடன் நிறைவேறினால்தான் தேங்காய். இது எங்களுக்குத் தெரியும். திரும்பிப் பின் சீற்றைப் பார்த்தேன். கழுத்து வலித்தது.

"மாமி. சைக்கிள் கிடந்தது. ஓட்டம் கிடந்தது. நான் முடிக்க முந்தியே ஏன் உடைச்சனீங்கள்?"

"என்ரை முடிஞ்சுது."

"என்ன முடிஞ்சுது?"

"இனிச் சொல்லலாம்தான்," என்றார். "நீ தண்ணியாலை வெளியிலை வரவேணும். அதுதான் கேட்டனான். அவ்வளவுதான். மற்றதெல்லாம் தரையிலைதானே. அது உன்ர பாடு."

சேந்தன் தேவையில்லாமல் கண்ணாடியைத் துடைக்கும் தண்ணீரைப் பீச்சினார்.

பெற்றோல் நிலையம். நேரம் சரியென்று மாமி ரெலிபோனைக் கார் முன்தட்டில் நிறுத்தச் சொன்னார். மேய்ஸ் ஹில் நேரலை. கூட்டம், மேளம், சூரன் தலையை ஆட்டி ஆட்டி வருகிறான். படம் நடுவில் நின்றது. சூரன் ஒற்றைக்காலில்.

"பாவம், அவனும் களைச்சுப்போனான்," என்றார் மாமி.

வேல் போகும்போது மாமி இரண்டு கையும் கூப்பி. எனக்கு இறங்கி நிற்க வேண்டும்போல் இருந்தது. தொடை மறுத்தது. இருந்த இடத்திலேயே.


நவ. 16, திங்கள்

வெயில். லீவு. மாடிப்படியைப் பின்பக்கமாக இறங்கினேன், கைப்பிடியைப் பிடித்து, குழந்தைபோல். கடைசி நான்கு படியில் முடியாமல் உட்கார்ந்தேன்.

இன்று பாறணை. விரதம் முடித்துச் சாப்பிடும் நாள். குசினியில் இடியப்பம் அவியும் மணம். ரெலிபோன், ஸ்பீக்கரில், சரோ அன்ரி. மாமிக்கு இரண்டு கையும் மாவில்.

"நேற்றுக் கோயில் முழுக்க உன்னைத்தான் தேடினது. சரி, சட்டி முடிஞ்சுது. இனி நல்ல செய்தி வரும்."

"வந்திட்டுது, சரோ."

"என்னடி சொல்லுறாய். எத்தினை மாசம்?"

"அதில்லை. பிள்ளை ஏரியை நீந்தி வெளியிலை வந்திட்டாள்."

இடியப்ப உரல் கீச்சிடும் சத்தம்.

"உதுக்கோ சட்டி பிடிச்சனி? பேரப்பிள்ளைக்கு இல்லையோ?"

"அது அவையின்ர அலுவல். வேணுமெண்டால் அவை பிடிக்கட்டும். நான் என்ர பிள்ளைக்குப் பிடிச்சனான்."

படியிலேயே இருந்தேன். எழுந்து உள்ளே போக முடியாததற்குத் தொடையும் ஒரு காரணம்.

சாப்பாடு. சேந்தன் எனக்குக் கதிரையை இழுத்துவிட்டார். இடியப்பம், சொதி, சம்பல். மாமி எதிரே இருந்து முதல் வாய் வைத்தார், கண்ணை மூடி. ஆறு நாளைக்குப் பிறகு உறைப்பு.

"என்ன தேங்காய் மாமி இது?"

"நேற்றையான். கும்பிட்டு உடைச்சது, எறியேலுமோ? நாலுதரம் கழுவினனான்."

இரண்டாவது வாயில் பல்லில் ஏதோ கடிபட்டது. ஒரு சின்னக் கல். ஏரிக்கரைக் கார் பார்க்குடையது. மாமி பார்த்துக்கொண்டிருந்தார். நான் துப்பவில்லை. நாக்கால் தள்ளிக் கன்னத்துக்குள் வைத்துக்கொண்டு, இன்னும் கொஞ்சம் சம்பல் போடுங்கோ என்று தட்டை நீட்டினேன்.